போர்டிங் இலக்கணம்

பாயிரம்

யானைக்கு நூல் இருக்கிறது. குதிரைக்கு நூல் இருக்கிறது. பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பிரித்துச் சொல்லப் பஞ்சாங்கத்தில் பக்கம் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப் பிள்ளைகளை விடியுமுன் எழுப்பிக்கொண்டிருக்கும் கத்தோலிக்க மிஷன் பள்ளி போர்டிங்குக்கு மட்டும் முறையான இலக்கணம் கிடையாது. பழைய மாணவர் சங்க மலரைப் புரட்டினால் ரெக்டர்களின் படம் இருக்கும், கால்பந்துக் கோப்பையின் படம் இருக்கும். இலக்கணம் இருக்காது. அக்குறை களையவே இந்நூல் எழுந்தது.

பாயிரத்தில் எட்டுச் செய்தி சொல்லியாக வேண்டும் என்பது மரபு. ஆக்கியோன் பெயர் கட்டுரைக்கு மேலோ கீழோ இருக்கும். வழி, அடுக்களை வழி. எல்லை, காவிரிக் கரை முதல் தாமிரபரணிக் கரை வரை. கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு ஓர் எட்டு. நூற்பெயர் தலைப்பில் உள்ளது. யாப்பு, பேச்சோடு ஒட்டிய உரைநடை. நுதலிய பொருள், பிறர் பிள்ளையைச் சோறு போட்டு வளர்க்கும் கலை. கேட்போர், டிரங்குப் பெட்டியில் பெயிண்டால் பெயர் எழுதி வைத்திருந்தவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும். பயன், அடுத்த பழைய மாணவர் கூட்டத்தில் புதிதாகச் சொல்ல ஏதாவது கிடைக்கும்.

இனி இலக்கணம். மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உண்டு, மணியடித்தால் உறங்கும் இளையோர், பெறாதவரை ஃபாதர் என்றும் மதர் என்றும் அழைத்து வாழும் இடம் போர்டிங் எனப்படும். இந்த இலக்கணத்தில் படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே என்று கேட்பாருக்கு: படிப்பு பள்ளிக்கூடத்தின் இலக்கணத்தில் வரும். அது வேறு நூல்.

முதலாவது தோற்றவியல்

போர்டிங்கின் மூலநூல் 1563-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வாண்டு திரெந்து நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம், மறைமாவட்டந்தோறும் குருத்துவத்துக்குப் பிள்ளைகளை வளர்க்க ஒரு வீடு வேண்டும் என்று விதித்தது. பையன்களை இளம்வயதிலேயே பிடித்து வைக்காவிட்டால் உலகம் அவர்களைப் பிடித்துவிடும் என்பது அதற்குச் சொன்ன காரணம். பன்னிரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலிடம். பணக்காரப் பிள்ளையும் வரலாம், ஆனால் செலவை அவன் வீட்டார் ஏற்க வேண்டும். 'காசு கட்டுகிறவன்', 'கட்டாதவன்' என்று பிற்காலத்தில் ஒவ்வொரு போர்டிங்கின் வருகைப் பதிவேட்டிலும் ஓடிய கோடு, பாளையங்கோட்டையில் கிழித்த கோடு அல்ல, திரெந்தில் கிழித்தது.

தமிழகத்துக்கு அது வந்த கதை சுருக்கமானது. பழைய மதுரை மிஷனை நடத்திய இயேசு சபையை 1773-இல் ரோமாபுரி கலைத்தது. 1814-இல் மீண்டும் உயிர் கொடுத்தது. பிரெஞ்சு இயேசு சபையார் 1838 வாக்கில் மதுரை மிஷனுக்குத் திரும்பினார்கள். 1844-இல் நாகப்பட்டினத்தில் தூய வளனார் பெயரில் கல்லூரி தொடங்கினார்கள்; 1883-இல் அது திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. பாளையங்கோட்டையில் தூய சவேரியார் பள்ளி 1880-இல் வந்தது. தேவகோட்டையில் தே பிரித்தோ பள்ளி 1943-இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் அமலமரித் தியாகிகள் நடத்திய புனித பத்திரிசியார் கல்லூரியின் வேர் 1850-க்குப் போகிறது. சலேசிய சபையார் 1906-இல் தஞ்சாவூரில் வந்து இறங்கினார்கள். சீர்திருத்த சபையார் இவர்களுக்கு முந்தியவர்கள்: தரங்கம்பாடி சீகன்பால்கு 1706-இல் வந்தவர், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரி 1823, உடுவில் மகளிர் பாடசாலை 1824. போட்டி என்று ஒன்று இருந்ததால்தான் போர்டிங் பெருகியது என்பாரும் உளர். இந்நூல் அதை மறுக்கவில்லை.

பிள்ளை போர்டிங்குக்கு வரும் காரணம் நான்கு: தூரம், வறுமை, வேதம், வால்தனம்.

தூரம் என்பது உயர்நிலைப் பள்ளி விரல் விட்டு எண்ணும்படி இருந்த காலத்துக் காரணம். கரிசல் காட்டிலோ இராமநாதபுரம் கடற்கரையிலோ ஐந்தாம் வகுப்பு முடித்த பையன் மேலே படிக்க வேண்டுமானால் வண்டி கட்டி, ரயிலேறி, ஊர் மாறியே ஆக வேண்டும். வறுமைக்கு விளக்கம் வேண்டியதில்லை. வேதம் என்பது பங்குச் சாமியாரின் சிபாரிசுக் கடிதம்; அது இருந்தால் இடம் உறுதி. நான்காவதான வால்தனத்தை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்டதில்லை; ஆனாலும் அட்மிஷன் நாளில், "நீங்கதான் ஃபாதர் இவனை அடிச்சுத் திருத்தணும், கண்ணு ரெண்டை மட்டும் விட்டுடுங்க" என்று தகப்பனார் வாய்மொழியாகச் சமர்ப்பித்த விண்ணப்பம் அதுதான். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அடிப்பதைத் தடை செய்தபின் அவ்வாக்கியத்தில் 'அடிச்சு' வழக்கிழந்தது. 'நீங்கதான் திருத்தணும்' இன்றும் வழங்குகிறது.

இரண்டாவது இனவியல்

போர்டிங் ஐந்து இனம். போலி இனம் ஒன்று.

காசுப் போர்டிங் முதலினம். மாதக் கட்டணம் உண்டு, கட்டத் தவறினால் போஸ்ட் கார்டு உண்டு. பண்ணையார் வீட்டுப் பிள்ளை, பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்தவரின் பிள்ளை, எஸ்டேட் கணக்கர் பிள்ளை இவ்வினத்தில் அடங்குவர். இந்துப் பிள்ளைகள் நிறைந்திருந்ததும் இங்கேதான். கத்தோலிக்கப் பையன் ஞானோபதேச வகுப்புக்குப் போகும் நேரத்தில் இவன் நன்னெறி வகுப்புக்குப் போவான். இரண்டிலும் தூங்குவது ஒன்றே.

தர்மப் போர்டிங் இரண்டாம் இனம். அனாதை இல்லமாகப் பிறந்து, அப்பாவோ அம்மாவோ உள்ள ஏழைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. பஞ்சமும் காலராவும் இதன் மருத்துவச்சிகள். வாரத்துக்கு ஒருநாள் தோட்ட வேலை, விறகு சுமத்தல், முற்றம் பெருக்கல் ஆகியவை இதன் கட்டணம்.

அழைத்தல் போர்டிங் மூன்றாம் இனம். சிறு குருமடம் என்பது ஆவணப் பெயர். சாமியாராகப் போகிறவன் தங்குமிடம். இவ்வினத்தின் தனி இயல்பு, உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் சாமியாராகாமல் வெளியே வருவது. வந்தவர்கள் ஆசிரியர்களாயினர், குமாஸ்தாக்களாயினர், அழகான கையெழுத்துக்கு ஊரில் பேர் வாங்கினர். திரெந்துச் சங்கத்தார் எதிர்பாராத பயன் இது.

தொழில் போர்டிங் நான்காம் இனம். தச்சு, தையல், அச்சு, பைண்டிங், பிறகு ஃபிட்டர், டர்னர். தொன் போஸ்கோவின் சலேசிய சபையார் இதில் வல்லவர். இத்தாலியில் தூரின் நகரத்தில் 1840-களில் தெருப் பையன்களைச் சேர்த்து அவர் தொடங்கிய காரியம்தான் தஞ்சாவூர் வழியாக இங்கே வேரூன்றியது.

கான்வென்ட் போர்டிங் ஐந்தாம் இனம். மதில் உயரம், கேட் சிறிது. பெண்ணைப் பத்தாவது படிக்க வைக்க வேண்டும், ஆனால் ஊர்க்கண் படக் கூடாது என்று இரண்டையும் ஒருசேர விரும்பிய குடும்பங்களுக்கு இதைவிட்டால் கதியில்லை. மதில் சிறையா காப்பா என்று அங்கே படித்தவர்களைக் கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஆனால் அந்த மதில் இல்லாவிட்டால் அவர்களில் பலருக்கு எட்டாம் வகுப்போடு கல்யாணம் ஆகியிருக்கும் என்பதில் இரு கட்சிக்கும் உடன்பாடு.

போலி இனம், நாமக்கல் பக்கம் பெருகிய பிளஸ் டூ தங்கும் பள்ளி. மணி உண்டு, ஸ்டடி உண்டு, வார்டன் உண்டு. பூசை இல்லை, கால்பந்தும் இல்லை. பெருமாள் இல்லாத பிரகாரம். உருவம் ஒத்திருந்தாலும் இனத்தில் சேராது என்று தள்ளுக.

திணை மயக்கமும் உண்டு. திருச்சியில் தெப்பக்குளத்தருகே ராபர்ட் கிளைவின் பெயரைத் தாங்கி நின்ற வீடு இயேசு சபையாரின் கைக்கு வந்து மாணவர் விடுதியாயிற்று. கும்பெனி துரையின் பேரில் அமைந்த கட்டடத்தில் தமிழ்ப் பையன் லுங்கியைக் காயப் போட்டான். இதை எந்த இனத்தில் வைப்பது என்று கேட்டால், வரலாற்றின் வேடிக்கை என்னும் இனத்தில் வைக்க.

மூன்றாவது ஆள்வியல்

ஆள்வோர் நால்வகையர்: ரெக்டர், வார்டன், பிரதர், சமையற்காரர். அதிகாரம் இவ்வரிசையில் இறங்கிவரும். செல்வாக்கு எதிர்வரிசையில் ஏறிப்போகும்.

ரெக்டரை மாணவன் ஆண்டு விழாவிலும், பெருங்குற்றம் செய்த அன்றும் காண்பான். வார்டனை எந்நேரமும் காண்பான். வார்டன் இரு பள்ளியினர். கண் முன்னே நின்று தடுப்பவர் ஒரு சாரார். குற்றம் நடந்தபின் வந்து நிற்பவர் மறுசாரார். தொன் போஸ்கோ முதற்பள்ளிக்கு நூலே செய்தவர். 1877-இல் எழுதிய சிறு கட்டுரையில், பையன் தவறு செய்தபின் தண்டிப்பதைவிடத் தவறு செய்ய இடமே கொடாமல் கூடவே இருப்பது மேல் என்று வாதிட்டார். அறிவு, சமயம், அன்பு மூன்றும் அதன் தூண்கள். விளையாட்டுத் திடலிலும் சலேசிய சாமியார் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு பந்துக்குப் பின்னால் ஓடுவது இந்தச் சித்தாந்தப்படிதான். இரவு தூங்கப் போகுமுன் இரண்டு மூன்று நிமிஷம் 'குட் நைட்' சொல்லிப் பேசுவதும் அவர் வீட்டு வழக்கம். மறுசாரார் நூல் எதுவும் செய்யவில்லை. ரப்பர் செருப்பு அணிந்து ஓசைப்படாமல் வருவார்கள்.

இரண்டு பள்ளியும் ஒருங்கே அமைந்த வார்டனும் உண்டு. திருச்சித் தூய வளனார் கல்லூரி விடுதியின் செக்குவேரா அடிகளார் அப்படிப்பட்டவர். ஆங்கிலம் கற்பித்த அவர், மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்த நூறு பேரை இரவுதோறும் கையில் பைபிளோடு ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் போவார் என்று அப்துல் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இதைவிடச் சுவையான செய்தியும் அங்கே உண்டு. தீபாவளியன்று அடிகளாரின் உத்தரவுப்படி பிரதரும் மெஸ் தொண்டர்களும் அறை அறையாகப் போய் எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் கொடுப்பார்கள். கத்தோலிக்கச் சாமியார் அனுப்பிய நல்லெண்ணெயை ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பையன் தலையில் தேய்த்துக்கொண்டான் என்பதை மிஷன் வரலாற்றின் எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று ஆசிரியர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆளப்படுவோர் ஐவகையர். புதியவன், இரவில் போர்வைக்குள் அழுபவன். பழையவன், புதியவனின் முறுக்கு டின்னின் சாவி எங்கே என்று அறிந்தவன். மானிட்டர், பேசியவர்கள் பெயரை ஸ்லேட்டில் எழுதுபவன். தன் பெயரை எழுதாதவன். பூசைப் பையன், பீடத்தில் உதவி செய்வதால் தண்டனையில் சலுகை எதிர்பார்ப்பவன். சிக் ரூம் வாசி, கணக்குப் பரீட்சை தோறும் காய்ச்சல் வருபவன். அக்குளில் வெங்காயம் வைத்தால் உடம்பு சுடும் என்னும் மருத்துவக் கொள்கையை நம்புபவன். மருத்துவக் கல்லூரிகள் அக்கொள்கையை ஏற்கவில்லை, பிரதரும் ஏற்கவில்லை.

நான்காவது மணியியல்

போர்டிங்கில் காலம் சூரியனால் ஆவதன்று, மணியால் ஆவது. எழு மணி, பூசை மணி, ஸ்டடி மணி, சாப்பாட்டு மணி, பள்ளி மணி, விளையாட்டு மணி, குளியல் மணி, ஜெபமாலை மணி, மீண்டும் ஸ்டடி, மீண்டும் சாப்பாடு, பிறகு விளக்கணை மணி. இவற்றுள் சாப்பாட்டு மணி ஒன்றுக்கே ஓட்டம் உண்டு. மற்றவற்றுக்கு நடை.

அதிகாலை எழுப்புவதன் காரணம் பலர் நினைப்பதுபோல் ஒழுக்கம் மட்டுமன்று; வயிறும் காரணம். அக்காலத்து விதிப்படி நற்கருணை வாங்குகிறவன் நள்ளிரவு முதல் அன்னம் தொடக் கூடாது. 1953 வரை தண்ணீருக்கும் தடை. எனவே பூசை முடிந்த பிறகே காலைச் சாப்பாடு. பூசை தாமதமானால் நூற்றுக்கணக்கான பசித்த பையன்களைச் சமாளிக்க வேண்டும். ஆகவே பூசையை விடியலுக்குத் தள்ளினார்கள். உபவாசத்தை 1957-இல் மூன்று மணி நேரமாகவும் 1964-இல் ஒரு மணி நேரமாகவும் ரோமாபுரி குறைத்தது. மணி மட்டும் பழைய நேரத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. விதி போனாலும் வழக்கம் நிற்கும் என்பதற்கு இலக்கண ஆசிரியர்கள் இதை உதாரணமாகக் காட்டலாம்.

பூசை லத்தீனில் இருந்த காலத்தில் பொருள் தெரியாமலே பதில் சொல்லப் பையன்கள் கற்றிருந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960-களின் பிற்பகுதியில், தமிழ் வந்தது. பொருள் புரிந்தது. தூக்கம் குறையவில்லை.

ஸ்டடி என்பதைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். நீண்ட ஹால், சாய்வான மேஜைகள், மேஜையின் மூடியைத் தூக்கினால் உள்ளே புத்தகம், கோலிக்குண்டு, பாதி தின்ற கடலை மிட்டாய், போன ஆண்டு இருந்தவன் காம்பஸ் முனையால் செதுக்கிய பெயர். மேடையில் பிரதர் ஜெபப் புத்தகத்தோடு நடக்கிறார். ஹாலில் இருநூறு பேர் இருந்தும் பக்கம் புரட்டும் ஓசைதான் கேட்கிறது. மூடிக்குப் பின்னால் ஒருவன் துப்பறியும் நாவல் படிக்கிறான். பிரதருக்கு அது தெரியும். பிரதருக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். பிரதர் மூன்றாம் சுற்றில் நிற்பார். நாவல் அவர் அங்கிக்குள் போகும். அது எங்கே போய்ச் சேரும் என்பது போர்டிங்கின் தீராத ஆராய்ச்சிகளில் ஒன்று. பிரதர்களும் இரவில் படிக்கிறார்கள் என்பது ஒரு கட்சி.

ஐந்தாவது உணவியல்

இந்நூலின் தலையாய இயல் இதுவே.

போர்டிங் உணவு இரு வகை: கிடைப்பது, நினைப்பது. கிடைப்பதில் சோறு, சாம்பார் என்னும் பெயருடைய மஞ்சள் நீர், உப்புமா, வாரம் ஒருநாள் ஆளுக்கு இரண்டு துண்டு என்று எண்ணிப் போடும் இறைச்சி. நினைப்பதற்கு அளவில்லை.

இனி பந்தி. மிஷன்காரர்கள் சாதியை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்குத் திருநெல்வேலிச் சீமையில் கல்லில் எழுதிய சாட்சி இருக்கிறது. வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில் கால்சட்டை போல இரண்டு காலாகப் பிரிந்தது. பீடம் ஒன்று, வெள்ளாளர் ஒரு காலில், நாடார் மறுகாலில், நடுவே சுவர். 1910-இல்தான் அந்தச் சுவர் இடிபட்டது. கடவுளுக்கு முன்னால் இரண்டு கூடம் கட்டிய மிஷன், பிள்ளைகளுக்கு முன்னால் எத்தனை கூடம் கட்டியிருக்க வேண்டும்?

கட்ட இயலவில்லை என்பதே விடை. கோயில் கட்டப் பணம் வந்தது; ஊரார் உழைப்பு வந்தது. போர்டிங்குக்கு வந்தது மாதக் கட்டணமும் பிச்சைப் பணமும். ஓர் அடுக்களை, ஓர் அண்டா, இரண்டு சமையற்காரர், ஒரு நீளக் கூடம். சாதிக்கொரு பந்தி என்றால் சாதிக்கொரு அடுப்பு வேண்டும். அதற்கு விறகு யார் கொடுப்பது? தர்மப் போர்டிங்கில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதைப் பிரசங்கத்தைவிட விறகுக் கணக்கே தீர்மானித்தது என்பது இந்நூலின் துணிபு. சிக்கனம் செய்த சமத்துவம் இது. பின்னால் வந்த சாமியார்கள் அதற்கு வேதத்திலிருந்து மேற்கோள் தேடிக் கொடுத்தார்கள், அதுவும் நல்லதே.

மறுதலைக்கு உதாரணம் கத்தோலிக்க எல்லைக்கு வெளியே, அதே திருநெல்வேலிச் சீமையின் சேரன்மாதேவியில் கிடைக்கிறது. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குக் காங்கிரஸ் கட்சி பணம் கொடுத்தது. தேசபக்தியும் உயர்ந்த நோக்கமும் இருந்தன. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதால் 1924-25-இல் தமிழ்நாடே கொதித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். ஒரு சாப்பாட்டு வரிசை தமிழ்நாட்டு அரசியலின் திசையைத் திருப்பியது. உண்ணும் வரிசையை அற்பம் என்று எண்ணுவோர் இவ்வியலை மறுமுறை படிக்க.

சிக்கனக் கொள்கைக்கு அடுத்த சான்று கோதுமை ரவை. 1954-இல் அமெரிக்கா இயற்றிய உணவு உதவிச் சட்டத்தின் வழியே, கத்தோலிக்க நிவாரண அமைப்பின் கைமாறி, மூட்டை மூட்டையாகக் கோதுமை ரவையும் பால் பவுடரும் எண்ணெய் டின்னும் தமிழ்நாட்டு விடுதிகளில் வந்து இறங்கின. மூட்டையின் மேல் இரண்டு கை குலுக்கும் படம். அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்று ஆங்கிலத்தில் எழுத்து. மூட்டை காலியானதும் அது கால்சட்டை ஆயிற்று. அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்பதைப் பின்புறத்தில் தாங்கி எத்தனையோ பையன்கள் கபடி ஆடினார்கள்.

அந்த ரவையின் சமூகப் பயனை ஆராய்ச்சியாளர் கவனிக்கவில்லை. சோற்றுக்குச் சாதி உண்டு: யார் வடித்தது, எந்தப் பானை, எந்த அரிசி. கறிக்கும் குழம்புக்கும் அதைவிட அதிகம். புல்கர் கோதுமை ரவைக்கு எந்தச் சாதியிலும் பூர்வீகம் இல்லை. அதை எப்படிச் சமைப்பது என்று யார் பாட்டிக்கும் தெரியாது. யாருடன் உட்கார்ந்து உண்பது என்று எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அதை ஒரே அளவில் வெறுத்தார்கள். பொது வெறுப்பு பொது அன்புக்கு முதற்படி.

அடுத்தது சைவ மெஸ். தூய வளனார் விடுதியில் 1950-களின் தொடக்கத்தில் கலாமின் அறையில் மூவர்: இராமேசுவரத்து முஸ்லிம், ஸ்ரீரங்கத்து ஐயங்கார், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். மூன்றாம் ஆண்டில் சைவ மெஸ்ஸின் செயலாளர் ஆனவர் அந்த முஸ்லிம் பையன். ஒரு ஞாயிறு, களத்தில் என்ற பெயருடைய ரெக்டர் அடிகளாரைச் சாப்பிட அழைத்து, அவரவர் வீட்டுப் பக்குவத்தில் தேர்ந்த பண்டங்களைப் பரிமாறினார்கள். அது கல்லூரி விடுதி என்றாலும் இனம் ஒன்றே. அருங்காட்சியகத்தில் ஒவ்வோர் உயிரினத்துக்கும் மூலமாதிரி ஒன்று வைத்திருப்பார்கள். போர்டிங்குக்கு மூலமாதிரி அந்த அறை.

ஆனால் ஒரு மாதிரியைக் கொண்டு இனம் முழுவதையும் புகழ்வது முறையன்று. எழுத்தாளர் பாமாவின் தன்வரலாற்று நூல் 'கருக்கு' 1992-இல் வெளிவந்தபோது மறுபக்கம் தெரிந்தது. கன்னியர் நடத்திய விடுதியில் தலித் பிள்ளைகள் உண்ட ஒவ்வொரு கவளத்தையும் இளப்பமாகப் பார்த்த கண்கள் அதில் பதிவாகியுள்ளன. வரிசை ஒன்றாக இருக்கலாம். பரிமாறும் கை ஒன்றாக இருக்கலாம். பார்வை இரண்டாக இருக்கத் தடையில்லை. காசுப் போர்டிங்கும் தர்மப் போர்டிங்கும் ஒரே வளாகத்தில் அமைந்த சில இடங்களில் தட்டும் இரண்டாயிற்று. காசு கட்டியவனுக்கு முட்டை, கட்டாதவனுக்கு முட்டையின் மணம். சிக்கனம் செய்த சமத்துவம் சிக்கனம் தளர்ந்த இடத்தில் தளர்ந்தது. இந்த விதிக்கு இதுவே குறை; இதுவே சான்றும்.

ஆறாவது போக்கியல்

போக்கு மூவகை: விடுமுறைப் போக்கு, விசிட்டிங் போக்கு, ஓட்டப் போக்கு.

விடுமுறைப் போக்கில் டிரங்குப் பெட்டி கனம் குறைந்து போகும்; கனம் கூடித் திரும்பும். விசிட்டிங் சண்டேயில் பிள்ளை போகமாட்டான்; ஊர் வரும். வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து அம்மா மீன்குழம்புச் சோறு பிசைவாள். யார் வீட்டிலிருந்தும் வராத பையன் அந்த நேரத்தில் தண்ணீர்க் குழாயடியில் தேவையில்லாமல் முகம் கழுவிக்கொண்டிருப்பான். "அந்தத் தம்பியையும் கூப்புடு" என்பாள் அம்மா. அவன் என்ன சாதி என்று அப்போது கேட்பவளும் உண்டு, கேளாதவளும் உண்டு. கேட்டவளும் கையை நீட்டிவிட்ட பிறகு மடக்கியதில்லை என்பது வேப்பமரங்கள் அறிந்த செய்தி.

ஓட்டப் போக்கு, சுவர் ஏறிக் குதித்து ஊருக்கு ஓடுவது. இது நிகழும் காலம் ஜூன், ஜூலை; நிகழ்த்துவோர் புதியவர். பேருந்து நிலையத்தில் பிடிபடுவது கீழ். பாதி வழியில் பசித்துத் திரும்புவது இடை. வீடு போய்ச் சேர்ந்து, அப்பாவின் சைக்கிளில் அன்று மாலையே திரும்பி வருவது தலை. தலையாய ஓட்டம் ஓடியவர்கள் பிற்காலத்தில் பழைய மாணவர் சங்கத் தலைவர்களாவதுண்டு.

ஏழாவது தேய்வியல்

போர்டிங் தேய்ந்ததற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நான்கு காரணத்தில் தூரத்தைப் பேருந்தும், ஊர்தோறும் வந்த அரசு உயர்நிலைப் பள்ளியும் தின்றன. வறுமையின் ஒரு பங்கைக் காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவும், பின்னால் வந்த சத்துணவும், அரசின் நலத்துறை விடுதிகளும் எடுத்துக்கொண்டன. வேதத்துக்கு வந்த பிள்ளை குறைந்தான், குடும்பத்தில் பிள்ளைகளே குறைந்ததால். எஞ்சியது வால்தனம். அதற்குக் கைப்பேசி கொடுத்து வீட்டிலேயே உட்கார வைக்கும் முறை இப்போது நிலவுகிறது.

எஞ்சிய போர்டிங்குகள் சட்டத்துக்குள் வந்தன. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 2014-இல் தனிச் சட்டம் இயற்றியது. உரிமம் இல்லாமல் விடுதி நடத்த முடியாது. ரப்பர் செருப்புப் பள்ளியைச் சேர்ந்த வார்டன்களுக்கு முதன்முறையாக மேலே ஒரு வார்டன் வந்தார். பிள்ளைகளைப் பூட்டிய கதவுக்குப் பின்னால் வளர்க்கும் எவருக்கும் அது வேண்டியதே. அதில் இந்நூலுக்கு நகைச்சுவை ஒன்றும் தோன்றவில்லை.

புறனடை

சொன்ன விதிகளில் அடங்காதவற்றைப் புறனடையில் தள்ளுவது வழக்கம். இங்கே தள்ள வேண்டியது ஒன்றுதான்: போர்டிங்கின் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது?

மிஷன்காரர்கள் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கொண்டு அளக்க நினைத்தார்கள். கலெக்டர்களும் விஞ்ஞானிகளும் எத்தனை பேர் வந்தார்கள் என்று மலர்க் குழுவினர் அளக்கிறார்கள். இரண்டும் தவறான கோல். ஆண்டுக்கணக்கில், நாளுக்கு மூன்று வேளை, வீட்டில் இருந்தால் எவன் வாசலை மிதித்திருக்க மாட்டானோ அவன் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்து ஒரே அண்டாச் சோற்றைத் தின்றானே, அதுதான் போர்டிங் செய்த காரியம். அரைகுறையாகச் செய்தது, விருப்பமில்லாமலும் செய்தது, சில இடங்களில் செய்யத் தவறியது. ஆனால் அந்த வேலையைப் பள்ளியின் வேறெந்தக் கட்டடமும் அவ்வளவு செய்யவில்லை.

ஆகவே பழைய போர்டிங் மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த மலருக்குக் கட்டுரை கேட்டால் ரெக்டரின் ஆங்கில உச்சரிப்பைப் பற்றி எழுத வேண்டாம். அதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் உங்களுக்கு இடப்பக்கம் யார் உட்கார்ந்தான், வலப்பக்கம் யார், அவன் எந்த ஊர், எந்தத் தெரு, அந்தத் தெருவுக்குள் உங்கள் வீட்டார் போவதுண்டா, தட்டை யார் கழுவியது, முட்டை யாருக்குக் கிடைத்தது என்று எழுதுங்கள். பள்ளிக்கூடங்களும் பழைய மெஸ் கணக்கு நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாமல் வைத்திருக்கட்டும். போர்டிங்கின் வரலாற்றை எழுத வருபவனுக்கு அவையே மூலநூல்.